சுமத்ராவின் 'சோலியா': சோழனா, சோழியனா?

தொண்டிக்காரன்

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் ஒரு கப்பல் பட்டறையில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன வாரம் புதிதாக ஒரு வெல்டிங் மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். அவர் அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் 'எஸ். கோலியா' என்று இருந்தது. ரோமன் எழுத்தில் பார்த்தால் அப்படித்தான் வாசிக்க வரும். "விராட் கோலிக்குச் சொந்தமா?" என்று விளையாட்டாகக் கேட்டு வைத்தேன்.

மனுஷன் கோபிக்கவில்லை. "கோலியா இல்லை, சோலியா. எங்கள் எழுத்துக் கூட்டலில் 'சி' (C) எழுத்துக்கு ச-ஒலிதான். எஸ் என்றால் செம்பிரிங்" என்றார். அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாண்டியா, பெலாவி, மெலியாலா என்றும் எங்களில் ஆட்கள் உண்டு. இதெல்லாம் உங்கள் ஊர்ப் பெயர் என்று தாத்தா சொல்வார்" என்றார். எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

ஊர் வடக்குச் சுமத்ராவின் மலைப்பக்கம், கரோ இனம் என்கிறார். ஆள் கிறிஸ்தவர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது உண்மையிலேயே நம் சோழனா? இப்படிப் பெயர் உள்ளவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அரைகுறை_வரலாறு

இதில் கேட்க என்ன இருக்கிறது நண்பரே? 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான். மெய்க்கீர்த்தியிலேயே ஸ்ரீவிஜயம், பண்ணை, இலாமுரிதேசம் என்று வரிசையாகப் பெயர் இருக்கிறது. பண்ணையும் இலாமுரியும் சுமத்ராவில்தான். போன படையில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது, அவர்கள் வாரிசுகள்தான் இந்தச் சோலியா. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

கல்லெழுத்து

பழமொழி சரியாக விழுந்திருக்கிறது, வாதம்தான் சரியில்லை. நீங்களே அறியாமல் சரியான சொல்லைச் சொல்லிவிட்டீர்கள் என்பது வேறு விஷயம். 'சோழியன்'. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தப் பெயர் எப்படி அமைகிறது என்று பார்க்கலாம். கரோ மக்களுக்கு ஐந்து பெருங்குலங்கள். குலத்தை 'மெர்கா' என்பார்கள். கரோ-கரோ, கிந்திங், தாரிகான், செம்பிரிங், பெராங்கின்-ஆங்கின். ஐந்தையும் சேர்த்துச் சொன்னால் 'மெர்கா சிலிமா'. ஒவ்வொன்றுக்கும் உள்ளே கிளைகள் உண்டு. சோலியா என்பது செம்பிரிங் மெர்காவின் ஒரு கிளை. தந்தை வழியில் வரும். பெண்களுக்கு மெர்கா என்று சொல்லமாட்டார்கள், 'பெரு' என்பார்கள்: பெரு செம்பிரிங். கல்யாணம் ஆனாலும் அது மாறாது.

கரோ மொழியில் 'ம்பிரிங்' என்றால் கறுப்பு. செம்பிரிங் என்றால் கறுத்தவர். உடனே "பார்த்தாயா, தமிழன்!" என்று குதிக்க வேண்டாம். செம்பிரிங்குக்குள்ளேயே இரண்டு பிரிவு இருக்கிறது. ஒன்று நாய்க்கறியை விலக்கியவர்கள், 'சிமந்தாங்கென் பியாங்'. மற்றது அந்த விலக்கு இல்லாதவர்கள், 'சிமான் பியாங்'. கெம்பாரென், கெலோகோ, சினுலாக்கி, சினுபாயுங் ஆகிய நான்கும் இரண்டாவது வகை. கெம்பாரென்காரர்களின் பூர்வீகக் கதை மேற்குச் சுமத்ராவில் மினாங்கபாவ் நாட்டுப் பகாருயுங்கைக் காட்டுகிறது, இந்தியாவை அல்ல. நாம் துள்ளும் பெயர்கள் எல்லாம் முதல் வகையில்: சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி, ப்ரஹ்மானா, டெபாரி, தெகாங், முஹாம், குருகினாயன், கெலிங், இன்னும் சில.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஹெண்ட்ரிக் கெர்ன் என்ற டச்சு சமஸ்கிருத அறிஞர். 1903இல் 'சுமத்ராவில் திராவிட இனப்பெயர்கள்' என்றே கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். சோலியாவைச் சோழருடனும், பாண்டியாவைப் பாண்டியருடனும், மெலியாலாவை மலையாளத்துடனும், பெலாவியைப் பல்லவருடனும் பொருத்தினார். அதாவது இது நேற்று வாட்ஸாப்பில் பிறந்த கதை இல்லை.

இப்போது சோழியனுக்கு வருவோம். 'சோழ' என்ற அரச குடும்பப் பெயரிலிருந்து 'சோலியா' வருவதைவிட, 'சோழிய' என்ற சொல்லிலிருந்து வருவது எளிது. சோழியன் என்றால் சோழ நாட்டுக்காரன், அவ்வளவுதான். சோழிய வேளாளர் என்று இன்றும் சொல்கிறோம், அவர்களில் யாரும் ராஜராஜன் பேரன் என்று உரிமை கோருவதில்லை. ஒரு துறைமுகத்தில் வந்து இறங்கியவனை "நீ எந்த நாட்டான்?" என்று கேட்டால், சோழியன், பாண்டியன், மலையாளத்தான் என்று சொல்லியிருப்பான். வந்தவன் படைவீரனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சந்தேகப்பிராணி

ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டடம் கட்டுவதில் எனக்கு எப்போதும் பயம். பெலாவி = பல்லவர் என்கிறீர்கள். பல்லவ அரசு 9ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே முடிந்துவிட்டது. சுமத்ராவில் தமிழ்க் கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டில். நடுவில் இருநூறு வருடம் பல்லவர் எங்கே ஒளிந்திருந்தார்கள்? முஹாம் என்பதை 'முகம்' என்று ஒருவர் முகநூலில் எழுதியிருந்தார். அப்படிப் பார்த்தால் மெலியாலா 'மெலிந்த ஆள்' ஆகிவிடும்.

கல்லெழுத்து

முஹாம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். பெலாவி பலவீனமான கண்ணி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பல்லவரையன் போன்ற பட்டங்கள் சோழர் காலத்திலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அதனால் காலம் ஒன்றை மட்டும் வைத்து அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு பெயர் என்றால் தற்செயல் எனலாம். சோலியா, பாண்டியா, மெலியாலா மூன்றும் ஒரே மெர்காவின் ஒரே பிரிவுக்குள், பக்கத்திலேயே ப்ரஹ்மானாவும் கெலிங்கும் (தென்னிந்தியரைக் குறிக்கும் பழைய மலாய்ச் சொல்). இத்தனையும் ஒரே கூடையில் தற்செயலாக வந்து விழாது.

மேடான்வாசி

வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது வடக்குச் சுமத்ராவின் தலைநகர் மேடானில், கம்போங் மட்ராஸ் பக்கம். (பழைய பெயர் கம்போங் கெலிங். இன்று அந்தச் சொல்லை எங்களைப் பார்த்துச் சொன்னால் வசவு. ஆனால் செம்பிரிங்கில் 'கெலிங்' என்ற கிளைக்காரர் தன் பெயரைப் பெருமையாகவே எழுதுவார்.) ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். எங்கள் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். இங்குள்ள மாரியம்மன் கோயில் 1884இல் கட்டியது. செம்பிரிங் கதை அதற்கெல்லாம் பல நூற்றாண்டு முந்தியது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். இந்தோனேசிய மக்கள்தொகைக் கணக்கில் இனம் கேட்பார்கள், மெர்காவை எண்ணுவதில்லை. 2010 கணக்கில் பாத்தாக் இனம் என்று ஏறக்குறைய 85 லட்சம் பேர் பதிவானார்கள், கரோவும் அந்தக் கூட்டத்தில்தான் வந்தது. ("நாங்கள் பாத்தாக்கே இல்லை, கரோ" என்று சண்டை போடும் கரோ நண்பர்கள் எனக்கு நிறைய. அது தனி இழை.) கரோ மாவட்டத்தில் 2020இல் சுமார் நான்கு லட்சம் பேர். ஆனால் கரோ மக்களில் பெரும்பகுதி அந்த மாவட்டத்துக்கு வெளியே, லங்காட், டெலி செர்டாங், மேடான் நகரம், ஜகார்த்தா என்று பரவியிருக்கிறார்கள். மேடானில் பாடாங் புலான் பக்கம் போனால் காதில் கரோ மொழிதான் விழும்.

இணையத்தில் 'இந்தப் பெயர் உலகில் இத்தனை பேருக்கு' என்று எண்ணிக்கை போடும் தளங்களை நம்பாதீர்கள். காரணம் மிக எளிது. ஒருவர் 'செம்பிரிங்' என்று மட்டும் எழுதுவார். அவர் தம்பி 'செம்பிரிங் சோலியா'. அவர்கள் சித்தப்பா 'எஸ். சோலியா'. தங்கை 'பிஆர் செம்பிரிங்', அதாவது பெரு செம்பிரிங். ஒரே வீடு, நான்கு வகை. மெலியாலாவை மிலாலா என்றும் எழுதுவார்கள். 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ச-ஒலிக்கு டி-யும் ஜே-யும் சேர்த்து எழுதும் டச்சுக் கால வழக்கம் இருந்தது, தாத்தாவின் பத்திரத்தில் சோலியா 'ட்ஜோலியா' மாதிரி இருக்கும். போதாததற்கு இந்த நாட்டில் குடும்பப் பெயர் சட்டப்படி கட்டாயமே இல்லை. ஜாவாக்காரர் பலர் ஒற்றைப் பெயரோடு ஆயுளை ஓட்டிவிடுவார்கள்.

ஊர் வைத்துத் தேடினால் ஏதாவது கிடைக்கும். டோலாட் ராயாட் வட்டத்தில் 'குபுசோலியா' என்றே ஒரு கிராமம் இருக்கிறது. சாரிநெம்பா பகுதியின் பழைய தலைவர்கள், 'சிபாயாக்' என்பார்கள், மெலியாலா கிளை. குருகினாயன் என்ற கிளைப் பெயரில் சினாபுங் எரிமலைச் சரிவில் ஓர் ஊர் இருந்தது. 'இருந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். நானூறு வருடம் தூங்கிய மலை 2010இல் விழித்தது, 2013 முதல் பல வருடம் ஓயவில்லை. ஊரையே காலி செய்து வேறிடத்தில் குடியமர்த்த வேண்டியதாயிற்று. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது சாம்பல் மேடிட்ட வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய ஒரு கைபேசி எண் பாதி அழிந்து கிடந்தது. இடிபாட்டுக்குள்ளிருந்து காப்பிச் செடி தழைத்து வெளியே வந்திருந்தது.

இன்னொன்று. செம்பிரிங் என்று பெயர் இருந்தால் ஆள் கரோ மலையில் பிறந்தவர் என்று நினைக்க வேண்டாம். 2009 முதல் 2014 வரை தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த திஃபாதுல் செம்பிரிங் பிறந்தது மேற்குச் சுமத்ராவில், புக்கிட்டிங்கியில். மெர்கா தந்தையோடு போகும், ஊரோடு போகாது.

பினாங்கு_அக்கா

தம்பி தொண்டிக்காரா, எங்கள் ஊருக்கு வந்தால் சூலியா தெருவில் நடந்து பாருங்கள். சிங்கப்பூரிலும் அதே பெயரில் தெரு இருக்கிறது. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களை மலாய்க் கரையில் 'சூலியா' என்றுதான் அழைத்தார்கள். அதுவும் சோழியர் என்பதிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். ஆக, சோழ அரசு மறைந்து நூற்றாண்டுகள் கழித்தும் 'சோழ நாட்டான்' என்ற அடையாளம் கடலில் மிதந்துகொண்டே இருந்திருக்கிறது. கல்லெழுத்து ஐயா சொன்ன 'நாட்டுப் பெயர்' கணக்குக்கு இது ஒத்துப்போகிறது.

எனக்குக் கரோத் தோழி ஒருத்தி உண்டு. அவள் வீட்டில் முதல்முறை சாப்பிட உட்கார்ந்தபோது, வந்தவரை "மாமா" என்று கூப்பிட்டாள். யாரென்று கேட்டால் அம்மாவின் தம்பி! அவர் மனைவி "மாமி". எனக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அதோடு முடியவில்லை, மாமன் மகளைக் கட்டுவதுதான் அவர்களுக்கு விருப்பமான கல்யாணம். அந்த உறவுக்குப் பெயர் 'இம்பால்'. பெண் கொடுத்த வீட்டார் 'காலிம்புபு'. அவர்களைக் 'கண்ணால் காணும் தெய்வம்' என்கிற அளவுக்கு மரியாதை. தாய்மாமன் சீர் வாங்கிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

அரைகுறை_வரலாறு

அக்கா, போதும். இதற்கு மேல் சான்று கேட்பவரைத் திருத்த முடியாது :)

சந்தேகப்பிராணி

திருத்தவே வேண்டாம், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கரோவில் அத்தை மகளைக் கட்டலாமா?

பினாங்கு_அக்கா

கூடாது. தோழியிடம் நானே கேட்டிருக்கிறேன். முகத்தைச் சுளித்துவிட்டாள்.

சந்தேகப்பிராணி

அதுதான் விஷயம். நம்மில் மாமன் மகளும் முறை, அத்தை மகளும் முறை. கரோவில் பெண் ஒரே திசையில்தான் போகும். கொடுக்கிற வீடு வேறு, எடுக்கிற வீடு வேறு. எடுக்கிறவர்களுக்கு 'ஆனாக் பெரு' என்று பெயர், விருந்தில் அடுப்படி வேலை முழுக்க அவர்கள் தலையில். அத்தை மகளைக் கட்டினால் திசை தலைகீழாகிவிடும். இதே ஒருவழி முறை தோபா பாத்தாக்கிடமும் உண்டு, பர்மாவின் கச்சின் மக்களிடமும் உண்டு. அங்கெல்லாம் சோழன் போனானா? கரோக்காரரான மஸ்ரி சிங்காரிம்புன் 1975இல் இந்த உறவுமுறை பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். படித்தால் இது அந்த மண்ணின் சொந்தக் கட்டுமானம் என்று தெரியும். 'மாமா' கூட மினாங்கபாவில் 'மாமாக்' என்று இருக்கிறது, அதுவும் தாய்மாமன்தான்.

கல்லெழுத்து

நல்ல அடி. நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செம்பிரிங்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே மெர்காவுக்குள் கல்யாணம் கூடாது என்பது கரோவின் பொது விதி. செம்பிரிங்கிலும் பெராங்கின்-ஆங்கினிலும் மட்டும் சில கிளைகளுக்கு விலக்கு உண்டு, கிளை வேறாக இருந்தால் ஒரே மெர்காவுக்குள்ளேயே கட்டிக்கொள்ளலாம். வெவ்வேறு இடத்திலிருந்து வந்த வெவ்வேறு குழுக்களை ஒரு காலத்தில் 'செம்பிரிங்' என்ற ஒரே தலைப்புக்குள் கட்டி வைத்ததன் தடம் இது என்று நான் நினைக்கிறேன். "கறுத்தவர்கள்" என்பது உள்ளூர்க்காரர் வைத்த பெயராக இருக்கலாம். யாரும் தனக்குத் தானே அப்படி ஒரு பெயர் வைத்துக்கொள்வது அரிது.

சரி, கல்லுக்கு வருவோம். மேற்குக் கரையில் பாருஸ் துறைமுகம். கற்பூரத்துக்கு மலாயில் 'காப்பூர் பாருஸ்' என்றே பெயர். அதன் பக்கத்தில் லோபு துவாவில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, மாசித் திங்கள், அதாவது கி.பி. 1088. நீலகண்ட சாஸ்திரி 1932இல் இதைப் பற்றி எழுதினார், பின்னால் எ. சுப்பராயலு மறுபடி வாசித்தார். வெட்டியது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. மரக்கல நாயகனும் (கப்பல் தலைவன்) கேவிகளும் (கப்பல் ஆட்கள்) கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாக ஒரு தொகையைக் கட்டிவிட்டுத்தான் பாவாடை மீது ஏற வேண்டும் என்று அதில் இருக்கிறது. பாவாடை என்றால் தரையில் விரிக்கும் துணி, சிரிக்காதீர்கள். இன்றைய சுங்கச்சாவடி மாதிரிதான்: காசு வை, அப்புறம் உள்ளே போ.

அரைகுறை தம்பி கவனிக்க வேண்டிய இடம் இது. சோழ நாட்டில் அப்போது குலோத்துங்கன் ஆட்சி. கல்லில் அவன் பெயர் இல்லை, எந்த அரசன் பெயரும் இல்லை. வணிகர்கள் தாங்களே கூடி, தாங்களே விதி போட்டு, தாங்களே கல் நட்டிருக்கிறார்கள்.

கிழக்குக் கரையில், இன்றைய மேடானுக்கு அருகே கோத்தா சீனா. 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை நடந்த வணிகக் குடியிருப்பு. 1970களில் எட்வர்ட்ஸ் மெக்கின்னன் அங்கே அகழ்ந்தார். சோழர் பாணிப் புத்தர் சிலைகள், திருமால், லட்சுமி, லிங்கம் எல்லாம் கிடைத்தன. கரோ மலையிலிருந்து கற்பூரமும் பிசினும் இறங்கி வரும் வழி கிழக்குக் கரைக்குத்தான் இயல்பாகப் போகும். என்னைக் கேட்டால் சோலியாவுக்குப் பாருஸைவிடக் கோத்தா சீனாவே நெருங்கிய உறவு. பத்துத் தலைமுறை இங்கேயே பெண் எடுத்துக் கரோவாகவே ஆகிவிட்டவர்கள், பெயரை மட்டும் கழற்றாமல் வைத்துக்கொண்டார்கள்.

மேடான்வாசி

பெயரோடு ஒரு சடங்கும் இருந்தது. இந்தச் செம்பிரிங் பிரிவுக்கு 'சிங்கோம்பாக்' என்றும் பெயர், மிதக்கவிடுபவர்கள் என்று பொருள். இறந்தவர்களை எரித்து, சாம்பலையும் எலும்பையும் எடுத்து வைத்திருப்பார்கள். பல வருடங்களுக்கு ஒருமுறை செபெராயா கிராமத்தில் எல்லாக் கிளைகளும் கூடி, சின்னச் சின்னப் படகு செய்து, அதில் வைத்து லாவ் பியாங் ஆற்றில் விடுவார்கள். இதற்குப் பெக்குவாலுஹ் என்று பெயர். லாவ் பியாங் என்றால் 'நாய் ஆறு'. நாய்க்கறி விலக்கியவர்கள் நாய் ஆற்றில் அஸ்தி கரைத்தார்கள்! கீழே போய் அது வாம்பூ ஆறாகிக் கடலில் சேரும். கடலைத் தாண்டினால் எந்த ஊர் என்று உங்களுக்கே தெரியும்.

செபெராயாவை இன்று வேறொன்றுக்காக எல்லாரும் அறிவார்கள். கரோப் பாடல்களின் பெரிய இசையமைப்பாளர் ஜாகா டெபாரி அந்த ஊர்க்காரர். டெபாரியும் செம்பிரிங் கிளைதான்.

இப்போது சடங்கு இல்லை. 1890இல் டச்சு மிஷன் புலுஹ் அவாரில் கால் வைத்தது, 1965க்குப் பிறகு கூட்டம் கூட்டமாகத் தேவாலயத்துக்கு மாறினார்கள். பழைய 'பெமெனா' வழிபாட்டுக்காரர் சிலர் 1970களில் இந்து தர்ம அமைப்போடு சேர்ந்து பார்த்தார்கள். அப்போது சிலர் "நாங்கள் செம்பிரிங், எங்களுக்கு இது புதிதில்லை" என்றார்களாம். ப்ரஹ்மானா கிளையிடம் கேட்டால் மெகித் என்ற மருத்துவ குரு இந்தியாவிலிருந்து வந்து இங்கே பெண் எடுத்த கதையைச் சொல்வார்கள். கதையில் படை இல்லை, போர் இல்லை. மருத்துவமும் கல்யாணமும்தான்.

அரைகுறை_வரலாறு

சரி, படையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கப்பல் மட்டும் இருக்கட்டும்.

தொண்டிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஷிஃப்ட் முடிந்து இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கல்வெட்டைச் சொன்னபோது தலையாட்டினார். கோத்தா சீனா சிலைகளைப் பள்ளிக்கூட காலத்தில் பார்த்திருக்கிறாராம். ஆனால் அவருக்கு ஆர்வம் வேறிடத்தில். "அதெல்லாம் சரி, உன் பெரே-பெரே என்ன?" என்றார். அம்மாவின் குலம் என்று பொருளாம். இரண்டு கரோக்காரர் சந்தித்தால் முதலில் மெர்கா, அடுத்து பெரே-பெரே, அப்புறம்தான் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்றே முடிவாகுமாம். 'எர்துதுர்' என்கிறார்கள்.

எங்களுக்கு அப்படிக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் என்று விளக்கினேன். அப்பா பெயரின் முதல் எழுத்து.

"தாத்தா?"

"தாத்தா பெயர் அப்பாவுக்கு இனிஷியல்."

"அதற்கு முன்னால்?"

கொள்ளுத் தாத்தா பெயர் வரை வந்தது. அதற்கு மேல் தொண்டிக் கடற்கரை மணல்தான். அவர் விரல் மடக்கிக்கொண்டே பதினோரு தலைமுறை சொன்னார்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். வந்தால் அங்கே பெரியவர்கள் எனக்கும் ஒரு மெர்கா கொடுத்துவிடுவார்களாம், வெளியாட்களுக்கு அப்படிக் கொடுக்கும் வழக்கம் உண்டாம். "சோலியாவே வாங்கிக்கொள், எனக்குத் தம்பி ஆகிவிடுவாய்" என்கிறார். வீட்டில் சொன்னேன். "அப்போ எனக்கு அங்கே என்ன முறை?" என்று கேட்கிறாள். மேடான்வாசி அண்ணா, குபுசோலியாவுக்கு எப்படிப் போவது?

மேடான்வாசி

பாடாங் புலான் சாலையில் நின்றால் பெரஸ்தாகி பஸ் வரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், விடுமுறை என்றால் கணக்கே இல்லை. பெரஸ்தாகியில் இறங்கி ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சின்ன வண்டிகள் போகும். 1300 மீட்டர் உயரம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சியையும் அழைத்து வாருங்கள். அவருக்கு வேறு மெர்காவாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் நீங்கள் இருவரும் அண்ணன் தங்கை ஆகிவிடுவீர்கள்.